ஐந்தாவது வரியில் இருந்த சொல்

கடிதத்தில் மொத்தம் ஒன்பது வரி. எட்டு வரி பிளேடக்காவுக்குப் புரிந்தது. ஐந்தாவது வரியில் இருந்த ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை.

"படிச்சாச்சாம்மா?" என்று கேட்ட லேபின் வக்கீல், பேனாவின் மூடியைக் கழற்றி அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். பக்கத்தில் நிர்வாகி செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். பெரிய டாக்டர் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் இல்லாத தூசியை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். அறைக்குள் வந்ததிலிருந்து அவர் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பதினான்கு வருடமாக அவள் அந்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை மெழுகுக் கட்டிக்குள் பதித்து, தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்திச் சாயம் ஏற்றி, டாக்டரின் மைக்ராஸ்கோப்புக்கு அனுப்புவது அவள் வேலை. சீவுகிற மெஷினின் பிளேடை வேறு யாரையும் தொடவிட மாட்டாள். அதில் வந்த பெயர்தான் பிளேடக்கா. புதிதாகச் சேருகிறவர்கள் பெயரைக் கேட்டுவிட்டு, பேசியே ஆளைக் கொல்லுகிறவள் போலிருக்கிறது என்று நாலு நாள் ஒதுங்கி நிற்பார்கள். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினாலே அவளுக்கு அதிகம் என்பது ஐந்தாம் நாள்தான் தெரியவரும்.

அவளுக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் படிவங்களைப் படித்துப் படித்து வந்தது. 'மாலிக்னன்ட்' என்ற சொல் கண்ணில் படாமல் ஒரு நாள் போனதில்லை. புற்றுநோய் என்று முடிவானால் டாக்டர் எழுதுகிற சொல் அது. இந்தக் கடிதத்தின் ஐந்தாவது வரியிலும் அதே ஆறு எழுத்துகள்தான் முதலில் நின்றன. வால் மட்டும் இல்லை. தட்டச்சு செய்தவர் அந்தச் சொல்லைப் பாதியில் விட்டுவிட்டாரோ என்றுகூட நினைத்தாள்.

விரலை வைத்துக் காட்டி, இது என்ன வார்த்தை என்று கேட்டாள்.

"மலைன்," என்றார் வக்கீல். "ஒருத்தர் பேரைக் கெடுக்கிறது. டாக்டர் பேரும் லேப் பேரும் உங்களால கெட்டுச்சு, அதுக்கு வருத்தப்படுறீங்க. அவ்வளவுதான். வழக்கமா எழுதுறதுதான்மா."

நிர்வாகி செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே மீதியைச் சொன்னார். கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும். போடாவிட்டால் வேலையும் போகும், மானநஷ்ட வழக்கும் வரும்.

வெள்ளிக்கிழமை வரை யோசிக்க வேண்டும் என்று கேட்டு, ஒரு நகலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

அவள் அப்படி என்ன சொல்லிவிட்டாள் என்றால், நடந்ததைச் சொன்னாள்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டு பெண்களின் மார்புக் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த துணுக்குகள் லேபுக்கு வந்தன. ஒன்றின் எண் நானூற்றுப் பதினேழு. பள்ளிச் சீருடை தைக்கிற ஒரு தையல்காரருடையது. இன்னொன்று நானூற்று எழுபத்தொன்று. டவுன் பஸ் ஓட்டுகிற ஒரு பெண்ணுடையது. ஒரு புட்டியைத் திறந்து, அதன் வேலை முடிந்து மூடிய பிறகுதான் அடுத்த புட்டியைத் திறக்க வேண்டும் என்பது பழைய முறை. வேகம் போதவில்லை என்று நிர்வாகி அதை எடுத்துவிட்டிருந்தார். அன்றைக்குப் புட்டிகளை வரிசையாகத் திறந்து வைத்து, துணுக்குகளை எடுத்து எண் போட்ட பெட்டிகளில் வைத்தது பெரிய டாக்டரேதான்.

மறுநாள் துணுக்குகளை மெழுகில் பதிக்கிறபோதே கணக்கு உதைத்தது. தையல்காரரின் படிவத்தில் ஐந்து துணுக்கு என்று எழுதியிருந்தது. மெழுகில் இருந்தது மூன்று. பஸ் ஓட்டுநரின் படிவத்தில் மூன்று, மெழுகில் ஐந்து. அவள் தன் பதிவேட்டில் இரண்டையும் குறித்துக்கொண்டு டாக்டரிடம் போய்ச் சொன்னாள்.

"ஊசித் துண்டு உடையும், ஒட்டும். நம்பரைப் பார்த்து வேலையைப் பாருங்கம்மா," என்றார் அவர்.

அவள் திரும்பி வந்து நம்பரைப் பார்த்து வேலையைப் பார்த்தாள். தையல்காரருக்குப் புற்றுநோய் என்றும், பஸ் ஓட்டுநருக்கு ஒன்றுமில்லை என்றும் அறிக்கை போயிற்று. பதினெட்டாம் நாள், ஆபரேஷனில் எடுத்த தையல்காரரின் மார்பு முழுசாக லேபுக்கே வந்து சேர்ந்தது. அவள்தான் அதை இருபத்திரண்டு மெழுகுக் கட்டியாகப் பதித்துச் சீவினாள். ஒன்றில்கூட நோய் இல்லை. இருந்த நோயெல்லாம் ஊசியோடு வந்துவிட்டது போலிருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கே அவள் பழைய பதிவேட்டையும் கண்ணாடித் தகடுகளையும் எடுத்துக்கொண்டு மறுபடி டாக்டரின் அறைக்குப் போனாள். மாறிப்போயிருக்கிறது, இன்னொரு பெண்ணை உடனே கூப்பிட வேண்டும் என்றாள். வைத்துவிட்டுப் போகச் சொன்னார். மூன்று நாள் அந்தத் தகடுகள் அவர் மேசையில் வைத்த இடத்திலேயே இருந்தன. நான்காம் நாள் மதியம், லேபின் பின்பக்கம் காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று, படிவத்திலிருந்த நம்பருக்கு அவளே போன் செய்தாள். அறிக்கை மாறியிருக்க வாய்ப்பு உண்டு, வேறு இடத்தில் சோதித்துப் பாருங்கள் என்று பஸ் ஓட்டுநரிடம் சொன்னாள். வேறு இடத்தில் பார்த்தார்கள். நோய் இருந்தது. விஷயம் செய்தித்தாளுக்குப் போயிற்று. லேபின் வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். அதற்குப் பிறகுதான் இந்த ஒன்பது வரி.

வீட்டில் கணவர் கடிதத்தைப் படித்துவிட்டு, போட்டுவிடு என்றார். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களைப் பதறாமல் இருக்கச் சொல்லியே பழகிய ஆள். நீ சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, அந்த அம்மாவுக்கு வைத்தியமும் ஆரம்பித்தாயிற்று, இனி ஒரு கையெழுத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்றார். அவளுக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. இருந்த கோபம் முழுவதும் அந்த ஒற்றைச் சொல்லின் மேல் நின்றது. அது தன்னை ஏதோ சொல்கிறது, என்ன சொல்கிறது என்று தெரியவில்லை.

தெரிந்தவர் ஒருத்தர் இருந்தார். கணவரின் அக்கா. கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். எதிர்க் கட்டிடத்தில் மூன்றாம் மாடியில்தான் வீடு. ஆனால் அந்தப் படியை மிதித்து ஆறு வருடமாகிறது. மாமியார் இறந்தபோது, வேளைக்கு மாத்திரை கொடுக்காமல் மருமகள்தான் இந்த நிலைக்குக் கொண்டுவந்தாள் என்று நாத்தனார் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லியிருந்தார். மாமியார் தானாகவே மாத்திரையை விழுங்காமல் மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்த விஷயம், அந்த மெத்தையைத் தூக்கிப் போட்ட அன்றைக்குத் தெரிந்தது. நாத்தனார் கண் எதிரேதான் மாத்திரைகள் கொட்டின. குனிந்து பொறுக்கி எடுத்தார். சொன்னதை யாரிடமும் மாற்றிச் சொல்லவில்லை. அக்கா சொன்னதைக் கணவர் நம்பவில்லை. ஆனால் மறுத்தும் பேசவில்லை.

வியாழக்கிழமை காலை அவள் அந்த மூன்று மாடியை ஏறினாள். கதவைத் திறந்த நாத்தனார் ஒரு கணம் திகைத்து, பிறகு வழிவிட்டார். மேசை நிறையக் கோர்ட்டுக் காகிதம். நலம் விசாரிக்கிற சம்பிரதாயத்தை இரண்டு பேருமே விட்டுவிட்டார்கள். கடிதத்தை நீட்டி, ஐந்தாவது வரி என்று மட்டும் சொன்னாள்.

நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "உனக்கு இதை என்னன்னு சொன்னாங்க?"

"பேரைக் கெடுக்கிறதுன்னு."

"பாதியைச் சொல்லிட்டு மீதியை முழுங்கியிருக்காங்க." நாத்தனாருக்குக் கோர்ட்டில் பேசுகிற குரல் வந்துவிட்டது. "இங்க பாரு. நிஜத்தைச் சொன்னாலும் ஒருத்தர் பேரு கெடலாம். நீ நடந்ததைச் சொன்ன, அவங்க பேரு கெட்டுச்சு. அதுக்கு வேற வார்த்தை இருக்கு. இந்த வார்த்தையை அங்க போட மாட்டாங்க. இதுக்குள்ள பொய் இருக்கு, விஷமும் இருக்கு. அநியாயமா, கெட்ட எண்ணத்தோட ஒருத்தர்மேல பழி சொன்னாதான் மலைன். ஒரு பாவமும் பண்ணாம ஊர் வாயில விழுந்தவனை 'மச் மலைன்ட்'னு எழுதுவாங்க. நான் அதை வீண்பழி சுமந்தவன்னுதான் தமிழ்ல போடுவேன். நீ தினம் பாக்குற மாலிக்னன்ட்டும் இதுவும் ஒரே வேர்."

"அப்ப நான் கையெழுத்துப் போட்டா?"

"நான் சொன்னது பூராப் பொய், மனசறிஞ்சு சொன்னேன்னு நீயே எழுதிக் கொடுக்கிற. நாளைக்கு அந்தத் தையல்காரம்மா கேஸ் போட்டா முதல் சாட்சி நீதான். அப்ப இந்தக் காகிதத்தை எடுத்து உன் மூஞ்சிக்கு நேரா நீட்டுவாங்க."

வழக்கமா எழுதுறதுதான்மா என்று வக்கீல் சொன்ன குழைவு நினைவுக்கு வந்ததும் அவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. அரைகுறை ஆங்கிலக்காரி, கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கடிதத்தை வாங்க அவள் கையை நீட்டினாள். நாத்தனார் கொடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் சரியாப் புரியணும்னா," என்றார். கோர்ட்டுக் குரல் போய்விட்டிருந்தது. "அம்மா விஷயத்துல நான் உன்னைப் பத்திச் சொன்னேனே. அதுதான் மலைன். இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல."

இந்த ஒரு பேச்சைக் கேட்பதற்காக அவள் எத்தனையோ தரம் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறாள்; அந்த ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் அழுதிருக்கிறாள். இப்போது அழுகை வரவில்லை.

"எத்தனை பேர்கிட்ட சொன்னீங்க அண்ணி?"

நாத்தனார் விரல் விட்டு எண்ணினார். "பதினோரு பேர்."

"அந்தப் பதினோரு பேர்கிட்டயும் மாத்திச் சொல்லுங்க. எங்கிட்ட மட்டும் கதவைச் சாத்திக்கிட்டுச் சொன்னா எப்படி? அன்னைக்குக் கூடத்துல உக்காந்து எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க." காகிதத்தை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு, வார்த்தையைச் சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி என்றும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை அதே அறை, அதே மூன்று நாற்காலி. பேனாவும் மூடி கழற்றியபடி தயாராக இருந்தது. அவள் உட்காரவில்லை.

"அஞ்சாவது வரியில இருக்கிற அந்த ஒரு வார்த்தையை எடுத்துடுங்க. லேபுக்குத் தெரிவிக்காம நான் நோயாளிக்குப் போன் பண்ணினது நிஜம். அதை எழுதுங்க, போட்டுடறேன்."

வக்கீல் சிரித்தார். "வெறும் வார்த்தைதானேம்மா."

"வெறும் வார்த்தைன்னா எடுக்கிறதுல உங்களுக்கு என்ன கஷ்டம் சார்?"

சிரிப்பு நின்றது. நிர்வாகி முதல்முறையாகச் செல்போனைக் கவிழ்த்து வைத்தார். அவள் பெரிய டாக்டரின் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர், நான் சொன்னதுல எது பொய்? அஞ்சு மூணா இருந்தது பொய்யா? மூணு அஞ்சா இருந்தது பொய்யா? நான் உங்ககிட்ட ரெண்டு தரம் வந்து சொன்னது பொய்யா? ஒண்ணே ஒண்ணைக் காட்டுங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

டாக்டரின் உதடு பிரிந்தது. பதில் சொல்ல வேண்டாம் டாக்டர் என்று வக்கீல் குறுக்கே கை நீட்டினார். பிரிந்த உதடு அப்படியே மூடிக்கொண்டது. பதினான்கு வருடம் அவர் கேட்ட தகட்டைக் கேட்ட நேரத்தில் கொண்டுபோய் வைத்தவள் அவள். அவர் வாய் மூடியதைப் பார்த்ததும்தான், அத்தனை நாளும் அடக்கி வைத்த குரல் வெளியே வந்தது.

"இந்தக் காகிதத்துல யாரு யாரை மலைன் பண்றாங்கன்னு மூணு பேரும் உக்காந்து நல்லாப் படிச்சுப் பாருங்க. எனக்கு அர்த்தம் தெரியாதுன்னுதானே நீட்டினீங்க? தெரிஞ்சுக்கிட்டேன். நான் பொய் சொன்னேன்னு என் கையாலயே எழுதி வாங்கி, ஒரு பொம்பளை மாரை அறுத்துக்கிட்டு நிக்கிறதை மூடி மறைக்கப் பாக்குறீங்க. இதுல நான் கையெழுத்துப் போடறதுக்கு என் கையை நானே அந்த மெஷின்ல வெச்சுச் சீவிக்கலாம்."

வெளியே நடைக்கூடத்தில் காலடிச் சத்தங்கள் நின்றுபோயின. அவள் அந்தச் சத்தத்தில் பேசி அந்தக் கட்டிடத்தில் யாரும் கேட்டதில்லை.

அன்றே வேலை போயிற்று. பையை எடுத்துக்கொண்டு போகக் காவலாளியைக் கூடவே அனுப்பினார்கள். மெஷினில் ஒரு கட்டி பாதி சீவியபடி இருந்தது. அதைத் தொடக்கூடாது, கிளம்புங்கள் என்றார் நிர்வாகி. அது யாருடையதோ, எண்ணை ஒருத்தர் சரிபார்த்து எழுதிக்கொண்டு பொறுப்பேற்காமல் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்று அவள் நின்றாள். நின்றது நின்றதுதான். கூட வேலை பார்க்கிற ஒருத்தி வந்து, படிவத்தைப் பார்த்து, துணுக்குகளை எண்ணி, எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியேறினாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் அவர்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, பதினோரு பேருக்கும் ஒவ்வொருவராகப் பேசினார். சிலர் அதெல்லாம் எப்போதோ மறந்துவிட்டோம் என்றார்கள். சிலர், எங்களுக்கு அப்போதே சந்தேகம்தான் என்று கூசாமல் புளுகினார்கள். ஏழாவது அழைப்பில் நாத்தனாரின் குரல் உடைந்தது. பிளேடக்கா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். போதும் என்று மட்டும் சொல்லவில்லை. கணவர் வாசல்படியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அது வேண்டியதுதான் என்று விட்டுவிட்டாள்.

தையல்காரரின் சார்பில் புகார் போய், சுகாதாரத் துறை விசாரணை வைத்தது. மெழுகுக் கட்டிகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் மரபணுச் சோதனை செய்தார்கள். மாறியது மாறியதுதான் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது. மானநஷ்ட வழக்கு என்ற பேச்சே அதற்குப் பிறகு எழவில்லை. பெரிய டாக்டருக்கு ஒரு வருடம் தொழில் செய்யத் தடை. வேலைக்குத் திரும்ப வரலாம் என்று லேபிலிருந்து இரண்டு வரியில் கடிதம் வந்தது. அந்த இரண்டு வரியில் வருத்தம் என்ற சொல்லே இல்லை. அவள் பதில் எழுதவில்லை.

விசாரணை முடிவதற்கு முன்பு ஒரு நாள் தையல்காரர் அவளைத் தேடி வந்தார். அவளுக்கு அதுதான் முதல் சந்திப்பு. பஸ் ஓட்டுநருக்குப் போன் செய்தவள், இவருக்குச் செய்யவில்லை. என்னவென்று சொல்வது என்று தெரியாமல் விட்டிருந்தாள். தன் மார்பை எடுத்தது வீண் என்பதை அவர் செய்தித்தாளில்தான் படித்துத் தெரிந்துகொண்டார்.

நாற்காலி போட்டும் உட்காராமல் நின்றபடியே கேட்டார். "அஞ்சு மூணா இருந்ததை நீங்க என்னைக்குப் பாத்தீங்க?"

"புதன்கிழமை. ஆபரேஷனுக்குப் பதினாறு பதினேழு நாள் முன்னாடி."

"டாக்டர்கிட்ட சொன்னீங்க."

"சொன்னேன்."

"அவரு வேலையைப் பாருன்னாரு. நீங்களும் பாத்தீங்க." அவர் குரல் உயரவில்லை. "அவளுக்குப் போன் பண்ண முடிஞ்சுது. அந்தப் பதினாறு நாள்ல எனக்கு ஒரு போன் பண்ணத் தோணலையா உங்களுக்கு? எல்லாரும் உங்களைத் தைரியசாலின்னு சொல்றாங்க. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரல. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

ஊசித் துணுக்கு உடையும், ஒட்டும் என்று டாக்டர் சொன்னதைத் தானும் நம்ப விரும்பினாள் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது. தையல்காரர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. விசாரணையில் கொடுத்த வாக்குமூலத்திலும் இதையே சொல்லியிருந்தார்: முதலில் கவனித்த ஊழியர் பதினாறு நாள் மௌனமாக இருந்தார். வேண்டுமானால் மறுப்பு எழுதித் தரலாம் என்று அதிகாரி அவளிடம் காகிதத்தைத் தள்ளினார். நடந்தது அதுதான் என்று ஒப்புக்கொண்டு அவள் கையெழுத்துப் போட்டாள்.

பஸ் ஓட்டுநருக்கு வைத்தியம் ஒரு மாதத்துக்கு மேல் தாமதமாக ஆரம்பித்தாலும், முழுசாக முடிந்தது. மறுபடி வண்டி ஓட்டுகிறார். தையல்காரர் அவளுடன் அதற்குப் பிறகு பேசவில்லை.

இப்போது அவள் இரண்டு பஸ் மாறிப் போகிற ஒரு சிறிய லேபில் வேலை செய்கிறாள். சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு படிவத்தில் இரண்டு துணுக்கு என்று இருந்தது. மெழுகில் இருந்தது ஒன்று. மெஷினை நிறுத்திவிட்டு நேராக அங்கிருந்த டாக்டரின் அறைக்குப் போய், இதைப் பார்க்காமல் இந்தக் கட்டியைச் சீவ மாட்டேன் என்று நின்றாள். அவருக்கு முகம் சுருங்கியது. இருந்தாலும் எழுந்து வந்தார். புட்டியை எடுத்துத் திறந்து பார்த்தார்கள். விட்டுப்போன துணுக்கு மூடியின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மொத்தம் அரை நிமிட வேலை.

அவள் தன் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அரை நிமிடம். பெரிய டாக்டர் அன்றைக்கு நாற்காலியை விட்டு எழுந்து அரை நிமிடம் செலவழித்திருந்தால். இல்லை, அவள் அன்றைக்கு இப்படி நின்றிருந்தால். இந்த ஆத்திரத்தோடு பிளேடைத் தொடக்கூடாது என்று, அது அடங்குகிற வரைக்கும் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.